குதிகாலில் ஒரு சின்ன முள்

முட்டையை விட்டு அப்போதுதான் வெளிவந்த ஏமன் பச்சோந்திக் குஞ்சின் எடை ஒரு கிராமும் கொஞ்சமும். வாலையும் சேர்த்து அளந்தால்கூட நம் ஆள்காட்டி விரல் நீளத்துக்குள் அடங்கிவிடும். இளம்பச்சை உடம்பு, தனித்தனியே சுழலும் இரண்டு கண்கள், பின்னாளில் உயரமான கொண்டை எழவேண்டிய உச்சந்தலையில் இப்போதைக்கு ஒரு சிறு மேடு. ஒரே ஈட்டில் பிறந்த ஆணையும் பெண்ணையும் ஒரு கிளையில் விட்டுப் பார்த்தால் நிறம், அளவு, நடை எதிலும் வேற்றுமை தெரியாது. பின்னங்காலின் குதிகாலைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பச்சோந்தியின் பாதத்தில் ஐந்து விரல்களும் இரண்டு கட்டுகளாகச் சேர்ந்திருக்கும். முன்னங்காலில் உட்பக்கம் மூன்று, வெளிப்பக்கம் இரண்டு. பின்னங்காலில் அப்படியே மாறி, உட்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் மூன்று. இரண்டு கட்டுகளும் எதிரெதிராக நின்று கிளையைக் கவ்விப் பிடிக்கும். பின்னங்காலில் இந்த இரண்டு கட்டுகளும் பிரியும் இடத்துக்குப் பின்புறம், குதிகாலில், ஆண் குஞ்சுக்கு ஒரு சிறிய சதைமுனை துருத்திக்கொண்டிருக்கும். சேவல் காலில் முளைக்கும் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் குண்டூசித் தலை அளவுக்குச் சுருக்கினால் இதுதான். பெண்ணுக்கு அந்த இடம் வழவழவென்று இருக்கும். சேவலுக்கு முள் வளர மாதங்கள் ஆகும். இந்தக் குஞ்சோ அதனுடனேயே பிறக்கிறது.

இதைப் பார்ப்பதற்குக் குஞ்சைக் கையில் எடுக்க வேண்டியதில்லை, எடுக்கவும் கூடாது. மெல்லிய குச்சி ஒன்றில் அது தானாக ஏறிப் போகட்டும். பின்னாலிருந்து வெளிச்சம் படும்படி வைத்துக்கொண்டு ஒரு பூதக்கண்ணாடியால் பார்க்கலாம். அதைவிட எளிய வழி, கைப்பேசியில் இரண்டு பின்னங்கால்களும் தெரியும்படி படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது. ஒரு காலில் மட்டும் ஏதோ தெரிகிறது என்றால் அது ஒட்டியிருக்கும் மண்ணாகவோ உரியாத தோலாகவோ இருக்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு வாரம் பொறுத்து மறுபடி பார்த்தால் போதும். ஆணின் முள் உடம்போடு சேர்ந்து வளரும். பெண்ணின் குதிகால் எத்தனை வயதானாலும் அப்படியேதான் இருக்கும்.

ஏமனின் மேற்கு மலைப்பகுதிகளும் அதையொட்டிய சவுதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும் இந்தப் பச்சோந்தியின் சொந்த ஊர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் வளர்க்கப்படும் பச்சோந்திகளில் மிகப் பரவலானது இதுதான். வளர்ப்பில் பல தலைமுறைகளாக முட்டையிட்டுப் பெருகி வந்திருக்கிறது. வளர்ப்பவர்களிடமிருந்து தப்பியும் கைவிடப்பட்டும் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காட்டிலேயே குடியேறிவிட்டது. அவ்வளவு பேர் வளர்த்தும், கடையிலிருந்து வாங்கிப் போன குஞ்சு ஆணா பெண்ணா என்று அறியாமலேயே மாதக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. அது வெறும் பெயர் வைக்கும் பிரச்சினை என்று நினைத்துவிடுகிறார்கள். பெண் குஞ்சு என்றால் அந்த அறியாமை அதன் உயிரையே வாங்கிவிடக்கூடும். அதற்கு வருகிறேன்.

எல்லாப் பச்சோந்தியும் இப்படிப் பிறந்த அன்றே அடையாளம் காட்டாது. மடகாஸ்கரின் வடக்கிலும் கிழக்கிலும் கடலோரத் தாழ்நிலங்களில் வாழும் பாந்தர் பச்சோந்தியை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த ஆண்களின் நிறம் ஊருக்கு ஊர் மாறும். நோசி பே தீவில் நீலப்பச்சை. அம்பிலோபே பக்கம் சிவப்பும் நீலமுமாகப் பட்டைகள். பெண்கள் எந்த ஊரானாலும் மங்கிய இளஞ்சிவப்பும் பழுப்பும்தான். ஆனால் குஞ்சுகள் அத்தனையும் ஒரே சாம்பல் பழுப்பு. குதிகால் முள் ஆணுக்கும் கிடையாது. மூன்று நான்கு மாதம் ஆன பிறகுதான் ஆணின் வால் அடிப்பகுதி புடைக்கத் தொடங்கும். பல்லி, பாம்பு இனங்கள் எல்லாவற்றையும்போல் பச்சோந்தி ஆணுக்கும் பிறப்புறுப்பு இரண்டு. அவை வாலின் அடியில் உள்ளே மடங்கிக் கிடப்பதால் வரும் புடைப்பு அது. அதற்கு முன்பே ‘இது நிச்சயம் ஆண்’ என்று சொல்லி ஒருவர் பாந்தர் குஞ்சை விற்றால் அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்க மலைகளின் ஜாக்சன் பச்சோந்தி இன்னொரு வகை. அது முட்டையிடாமல் குட்டி போடும். அதில் ஆணின் முகத்தில் மூன்று கொம்புகள் வளரும்.

ஆணா பெண்ணா என்பதை உள்ளே முடிவு செய்வது எது என்பதிலும் இந்த இனங்கள் ஒன்றுபோல் இல்லை. முதலைகளிலும் பல ஆமைகளிலும் முட்டை அடைகாக்கும் வெப்பநிலைதான் பாலைத் தீர்மானிக்கிறது. பச்சோந்திக்கும் அப்படித்தான் என்று வளர்ப்பவர்களிடையே நெடுநாள் ஒரு நம்பிக்கை இருந்தது. பெண் வேண்டும், ஆண் வேண்டும் என்று பெட்டியின் சூட்டைக் கூட்டிக் குறைத்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபின் ஆண்ட்ரூஸ் ஏமன் பச்சோந்தி முட்டைகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்து 2005ல் முடிவை வெளியிட்டார். வெப்பநிலை மாறியதால் ஆண் பெண் விகிதம் மாறவில்லை. 2018ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று இன்னும் தெளிவாகச் சொன்னது. ஏமன் பச்சோந்தியில் மனிதர்களைப்போலவே எக்ஸ், ஒய் குரோமோசோம்கள். ஆணிடம்தான் வேறுபட்ட இணை. பாந்தர் பச்சோந்தியில் கோழிகளைப்போல இசட், டபிள்யூ. அங்கே வேறுபட்ட இணை பெண்ணிடம். ஒரே குடும்பத்துக்குள், பார்வைக்கு அண்ணன் தம்பிபோல் இருக்கும் இரண்டு இனங்கள், பாலைப் பிரிப்பதற்கு நேரெதிரான இரண்டு வழிகளை வைத்திருக்கின்றன. எனக்கு இந்தச் செய்தி பச்சோந்தியின் நிறமாற்றத்தைவிடப் பெரிய வியப்பு.

இனி, பெண் குஞ்சைப் பற்றிச் சொல்லவேண்டியது. ஏமன் பச்சோந்திப் பெண் நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பருவத்துக்கு வந்துவிடும். ஆணையே கண்ணால் காணாத பெண்ணும் முட்டையிடும், கோழி சேவலில்லாமல் இடுவதுபோலவே. ஆனால் கோழி நாளுக்கு ஒன்று இடுகிறது. இது ஒரே தடவையில் முப்பது, நாற்பது, சில சமயம் அதற்கும் மேல். அத்தனை முட்டைக்கும் ஓடு கட்டத் தேவையான கால்சியம் அதன் எலும்பிலிருந்தும் உறிஞ்சப்படும். இடுவதற்கு அது மரத்தைவிட்டு இறங்கி, ஈரமண்ணில் சுரங்கம்போல் தோண்டி, உள்ளே இட்டு, மூடிவிட்டு வரவேண்டும். தோண்ட மண் கிடைக்காவிட்டால், அல்லது தோண்டும்போது யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால், பல பெண்கள் முட்டையை உள்ளேயே அடக்கிவைத்துக்கொள்ளும். சில நாட்களில் செத்துப்போகும். வளர்ப்புப் பெண் பச்சோந்திகளின் இளவயதுச் சாவுக்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று.

அதனால்தான் குதிகால் முள்ளை முதல் நாளே பார்த்து வைப்பது. முள் இல்லை என்றால் நான்காவது மாதத்துக்கு முன்பே கூண்டுக்குள் ஒரு ஆழமான தொட்டி வேண்டும். அதில் ஓர் அடி ஆழத்துக்கு நன்கு கழுவிய ஈரமணல். சுரங்கம் தோண்டினால் சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரம். அது தோண்டத் தொடங்கிவிட்டால் கூண்டின் முன்பக்கத்தைத் துணியால் மறைத்துவிட்டு ஒதுங்கிப் போய்விட வேண்டும். இன்னொன்று, வளர்ந்த பெண்ணுக்குத் தீனியை அளந்து கொடுப்பது. அள்ளிப் போட்டால் அத்தனையும் முட்டையாகிவிடும். தீனியையும் சூட்டையும் கொஞ்சம் குறைத்து வைத்தால் முட்டைகளின் எண்ணிக்கை குறைவதைத் தேர்ந்த வளர்ப்பாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால் குஞ்சுப் பருவத்தில் இந்தச் சிக்கனம் கூடாது. ஆணோ பெண்ணோ, முதல் சில மாதங்கள் வயிறாரத் தின்னவேண்டிய காலம்.

இந்தக் குஞ்சு எங்கிருந்து எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும். பெரும்பாலான பல்லி இனங்களில் முட்டை வெளிவரும்போதே உள்ளே கருவுக்குக் கைகால் மொட்டு விட்டிருக்கும். ஏமன் பச்சோந்தி முட்டை வெளிவரும்போது கரு இன்னும் செல்லடுக்குகளாகப் பிரியத் தொடங்கும் நிலையில்தான் இருக்கும். தலையும் இல்லை, வாலும் இல்லை. அங்கிருந்து முழுக் குஞ்சாக ஏறக்குறைய 200 நாள். இந்தத் தொடக்க நிலையிலேயே கரு கைக்குக் கிடைப்பதால், ஊர்வனவற்றின் உடல் எப்படி உருவாகிறது என்று ஆராய்கிறவர்கள் அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியிலுள்ள ஸ்டவர்ஸ் ஆய்வு நிறுவனத்தில் இந்த இனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்து விரல் இரண்டு கட்டாகப் பிரியும் அந்தப் பாதம் கருவுக்குள் எப்படிப் பிளவுபடுகிறது என்பதை அவர்கள் படிப்படியாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பொரியும் நேரம் நெருங்கினால் முட்டையின் மேல் நீர்த்துளிகள் வியர்வைபோல் பூக்கும். தோல்போன்ற ஓடு லேசாகத் தொய்ந்து சுருங்கும். பிறகு ஒரு முனையில் கீறல் விழும்; மூக்கு வெளியே வரும். அதோடு குஞ்சு நின்றுவிடும். மணிக்கணக்கில், சில சமயம் ஒரு நாள் முழுக்க, மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கிடக்கும். பார்ப்பவருக்குப் பதறும்; ஓட்டைக் கிழித்து உதவலாமா என்று கை துடிக்கும். அந்த நேரத்தில்தான் அது மிச்சமுள்ள மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது. அவசரப்பட்டு வெளியே எடுத்தால் மஞ்சள் கரு வெளியிலேயே தங்கி, குஞ்சு பிழைக்காது. தானாக வெளிவந்த குஞ்சு கண்ணைத் திறந்ததும் செய்யும் முதல் வேலை, மேலே ஏறுவது. தாய் அருகில் கிடையாது. முட்டையை மூடிவிட்டுப் போன தாய் திரும்பி வருவதே இல்லை. யாரும் எதையும் கற்றுக்கொடுக்கப் போவதில்லை.

கற்றுக்கொடுக்கவும் வேண்டாம். ஓரிரு நாள் மஞ்சள் கருவில் ஓட்டிவிட்டு, அது வேட்டைக்குத் தயாராகிவிடும். ஒரு குஞ்சு முதல் பழ ஈயைக் குறிவைப்பதைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்களும் அதுவரை திசைக்கொன்றாய் அலைந்துகொண்டிருக்கும். ஈயைக் கண்டதும் இரண்டும் முன்பக்கம் திரும்பி அதிலேயே நிலைக்கும். உடம்பு கொஞ்சம் முன்னே சாயும். வாய் மெல்லத் திறந்து நாக்கின் நுனி எட்டிப் பார்க்கும். அடுத்து நடப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. ஈ இருந்த இடத்தில் இல்லை, குஞ்சு மென்றுகொண்டிருக்கும்.

நாக்கின் நடுவே ஒரு மழுங்கிய எலும்புக் கம்பி இருக்கிறது. அதைச் சுற்றி ஒரு குழாய்த்தசை. இரண்டுக்கும் இடையே கொலாஜன் நாரால் ஆன உறைகள். தசை மெதுவாக இறுகும்போது உறைகள் நீண்டு விசையைச் சேர்த்துவைத்துக்கொள்ளும். சேர்த்த விசை ஒரே நொடிப்பொழுதில் விடுபடும்போது நாக்கு எலும்பை விட்டு வழுக்கிப் பாயும். அமெரிக்க உயிரியலாளர் கிறிஸ்டோஃபர் ஆண்டர்சன் இருபது பச்சோந்தி இனங்களை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2016ல் வெளியிட்ட முடிவு, சிறியவற்றின் நாக்குதான் அளவுக்கு மிஞ்சிய வலிமை கொண்டது என்பது. தான்சானியாவில் வாழும் கட்டைவிரல் அளவுள்ள ஓர் இனம் தன் உடம்பைப்போல் இரண்டரை மடங்கு தூரத்துக்கு நாக்கை எறிந்தது. அந்த முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 264 மடங்கு. சின்ன உடம்பு தன் எடைக்கு அதிகமாகச் சாப்பிட வேண்டியிருக்கிறது. அதற்கேற்ப நாக்கும் உடம்போடு ஒப்பிடப் பெரிதாக அமைந்திருக்கிறது என்பது அவர் தந்த விளக்கம்.

அதே கணக்கு நம் குஞ்சின் பசிக்கும் பொருந்தும். பெரிய பச்சோந்தி ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டாலும் தாங்கும். குஞ்சுக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை இரை வேண்டும். சிறகில்லாத பழ ஈக்களும், சுவர்க்கோழி எனப்படும் கிரிக்கெட் பூச்சியின் ஓரிரு வாரக் குஞ்சுகளும்தான் ஏற்றவை. பச்சோந்தியின் இரண்டு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைப் போடக்கூடாது என்பது வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் அளவு. தின்னாமல் விட்ட கிரிக்கெட்டை இரவில் கூண்டுக்குள் விட்டுவைக்கவும் கூடாது. தூங்கும் குஞ்சை அது கடிக்கும்.

பூச்சியில் ஒரு குறை உண்டு. அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதனால் பூச்சிகளுக்கு முதலில் கீரையும் காய்கறியும் கொடுத்து, போடும் முன் கால்சியப் பொடியில் புரட்டிப் போடுவார்கள். ஆனால் கால்சியத்தை வயிற்றில் கொட்டினால் மட்டும் எலும்புக்குப் போய்ச் சேராது. அதற்கு வைட்டமின் டி3 வேண்டும். டி3 உண்டாக, தோலில் புற ஊதாக் கதிர், அதிலும் யுவிபி எனப்படும் பகுதி, படவேண்டும். ஜன்னலோரமாக வைத்தால் வெயில் படுமே என்று நினைப்பவர்கள் உண்டு. ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் சூடும்தான். ஆகவே அதற்கென்று செய்த குழல்விளக்கு, கூண்டின் வலைக்கூரைமேல், பகல் முழுக்க 12 மணிநேரம் எரியவேண்டும்.

இந்தக் கதிர் விஷயத்தில் பச்சோந்திக்கு இருக்கும் அறிவு வியக்கவைக்கிறது. டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் கேரி ஃபெர்குசனும் உடன் ஆய்வாளர்களும் பாந்தர் பச்சோந்திகளில் சிலவற்றுக்கு டி3 மிகுந்த இரையும், சிலவற்றுக்கு டி3 குறைந்த இரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2009ல் வெளியான அந்த ஆய்வின்படி, உடம்பில் டி3 குறைந்தவை புற ஊதாக் கதிர் படும் இடத்தைத் தேடி அதிக நேரம் உட்கார்ந்தன. போதுமான அளவு இருந்தவை நிழலுக்குப் போயின. தன் உடம்பிலுள்ள ஒரு வைட்டமினின் அளவுக்கு ஏற்ப வெயிலில் இருக்கும் நேரத்தை அது தானே சரிசெய்துகொள்கிறது. அப்படிச் செய்ய அதற்கு இடம் வேண்டும். கூண்டு முழுவதும் ஒரே வெளிச்சமாக இருந்தால் அந்த அறிவுக்கு வேலையில்லை. விளக்குக்கு அருகே ஒரு கிளை, இலைகளுக்குள் ஒரு நிழல், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி என்று அமைத்துவிட்டால் அளந்து கொடுக்கும் வேலையைப் பச்சோந்தியே பார்த்துக்கொள்ளும். இரையில் டி3 பொடியை அள்ளித் தூவினால் கேடு. அந்தச் சத்து உடம்பில் தங்கி நஞ்சாகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் போதும்.

கதிர் கிடைக்காத குஞ்சின் நிலை பரிதாபமானது. வேகமாக வளரும் எலும்பு கெட்டிப்படாமல் வளைகிறது. கால்கள் வளைந்து, நடை தள்ளாடி, தாடை மெத்தென்று ஆகிவிடும். நாக்கை எறிந்தால் பாதி தூரம்கூடப் போகாது. மனிதக் குழந்தைகளுக்கு வரும் ரிக்கெட்ஸ் நோயைப்போன்றதுதான் இது. வளைந்த எலும்பு நிமிராது. அன்பாக வளர்க்கப்பட்ட எத்தனையோ குஞ்சுகள் ஒரு குழல்விளக்கு இல்லாததால் இப்படி ஆகியிருப்பது எனக்குப் பொறுத்துக்கொள்ள முடியாத விஷயம்.

தண்ணீர் இன்னொரு கண்டம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் தாகம் எடுத்தபோது குடித்துக்கொள்ளும் என்று நாம் நினைப்போம். அசையாத தண்ணீரை இது பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இலையில் தொங்கும் துளி, வழிந்து மின்னும் துளி, அதைத்தான் நக்கிக் குடிக்கும். ஆகவே காலையிலும் மாலையிலும் இலைகள்மேல் மென்மையாகத் தெளிக்கவேண்டும். குஞ்சின் முகத்தில் பீய்ச்சக்கூடாது. செம்பருத்தி, மணிபிளாண்ட் போன்ற செடிகளை வைக்கலாம். ஏமன் பச்சோந்தி வளர வளர இலையையும் கடித்துத் தின்னும் பழக்கமுள்ளது. அதனால் பூச்சிமருந்து அடித்த செடி வேண்டாம். இரண்டு தெளிப்புக்கும் நடுவே எல்லாம் உலரவேண்டும். நாள் முழுக்க ஈரமும் அடைத்த காற்றும் இருந்தால் நுரையீரலில் நோய் பிடிக்கும். பக்கங்களில் வலை அடித்த கூண்டு பொதுவாக நல்லது என்பது இதனால்தான்.

தண்ணீர் போதுமா என்பதை அதன் எச்சமே சொல்லிவிடும். எச்சத்தோடு வரும் யூரேட் பகுதி வெள்ளையாக இருந்தால் நல்லது. மஞ்சளோ ஆரஞ்சோ ஆனால் தாகம். கண்கள் உள்வாங்கினால் நிலைமை முற்றிவிட்டது. பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும் பச்சோந்தி தூங்கவில்லை, நோயுற்றிருக்கிறது. உடனே ஊர்வன மருத்துவம் தெரிந்தவரிடம் போகவேண்டும்.

சூடு பற்றி ஒரு வரி. குஞ்சின் சிறிய உடம்பு சட்டென்று சூடேறும், சட்டென்று உலரும். வளர்ந்த ஆணுக்கு ஏற்ற விளக்கு குஞ்சுக்கு ஆகாது. குளிர்காயும் கிளையில் 27 முதல் 29 டிகிரி செல்சியஸ், இரவில் விளக்கை அணைத்து 20 டிகிரி அளவுக்கு இறங்கவிடுவது என்று இருந்தால் சரி.

நிறத்துக்கு வருவோம். சுற்றியுள்ள பொருளின் நிறத்தைப் பார்த்துப் பச்சோந்தி தன் நிறத்தை மாற்றும் என்று நாம் எல்லோரும் நம்பி வளர்ந்திருக்கிறோம். பெரும்பாலான நிறமாற்றத்துக்குக் காரணம் உடல் வெப்பமும் மனநிலையும் எதிரே நிற்கும் இன்னொரு பச்சோந்தியும்தான். ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ல் பாந்தர் பச்சோந்தியின் தோலில் இதன் பொறிமுறையைக் கண்டார்கள். தோலின் ஒரு வகைச் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் மிகநுண்ணிய படிகங்கள் ஒழுங்கான வரிசையில் நிற்கின்றன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பியனுப்பும். தோலிலுள்ள மஞ்சளோடு சேர்ந்து நமக்குப் பச்சை தெரியும். சினம் ஏறினால் படிகங்களுக்கு இடையேயுள்ள தூரம் கூடும். மஞ்சளும் சிவப்பும் எழும். இந்தச் செல்களாலான மேலடுக்கு முழுமையாக வளர்ந்திருப்பது வளர்ந்த ஆண்களிடம்தான் என்றும் அவர்கள் கண்டார்கள். ஆகவே குஞ்சிடம் வாணவேடிக்கையை எதிர்பார்க்க வேண்டாம். அதனிடம் இருப்பது வெளிறுவதும் கறுப்பதும்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் நிறத்தில் நிறையச் செய்தி இருக்கிறது. காலையில் விளக்கடியில் ஒரு பக்கம் கறுத்துக் கிடந்தால் குளிர்காய்கிறது. சூடேறிய பிறகும் கறுத்தே இருந்தால், எதையோ கண்டு அஞ்சுகிறது. உங்களைக் கண்டதும் கிளையின் மறுபக்கம் உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு நகர்ந்து, கண்ணை மட்டும் நீட்டிப் பார்த்தால், தள்ளிப் போகச் சொல்கிறது. மேலிருந்து கை வந்தால் அதற்குப் பறவை வந்ததுபோல்தான். தொட்டுக் கொஞ்சி மகிழ விரும்புகிறவர்களுக்குப் பச்சோந்தி ஏற்றதல்ல என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

வளர்ந்த பச்சோந்திகளை ஒரே கூண்டில் வைத்தால் ஒன்றையொன்று மிரட்டியே தளர்ந்துபோகும். அதனால் பிறந்த நாளிலிருந்தே தனித்தனியாக வைப்பதுதான் நல்லது என்று பலர் சொல்வார்கள். சிட்னி பல்கலைக்கழகத்தில் சிஸ்ஸி பாலனும் உடன் ஆய்வாளர்களும் ஏமன் பச்சோந்திக் குஞ்சுகளில் சிலவற்றைத் தனியாகவும் சிலவற்றைக் கூட்டமாகவும் வளர்த்துப் பார்த்தார்கள். தனியாக வளர்ந்தவை மற்ற குஞ்சைச் சந்தித்தபோது அதிகம் பணிந்தன, மங்கலான நிறம் காட்டின, இரையைப் பிடிப்பதிலும் பின்தங்கின. 2014ல் வெளியான இந்த முடிவு தனிமை விரும்பி என்று நாம் முத்திரை குத்திய விலங்குக்கும் இளமையில் உடன்பிறந்தாரின் அருகாமை எதையோ கொடுக்கிறது என்று காட்டுகிறது. அதற்காக இரண்டு மாதக் குஞ்சுக்குத் துணை வாங்கி ஒரே கூண்டில் அடைத்துவிடக் கூடாது. தொடக்க வாரங்களில் உடன்பிறந்தவை இடம் தாராளமாக உள்ள கூண்டில் சேர்ந்திருக்கலாம். ஒன்று மற்றதன் இரையைப் பறிக்கத் தொடங்கினால், வாலைக் கடித்தால், அன்றே பிரித்துவிட வேண்டும்.

இவ்வளவும் படித்துவிட்டு, நாமும் ஒன்று வளர்த்தால் என்ன என்று தோன்றலாம். நம் ஊர் வேலிகளிலும் புதர்க்காடுகளிலும் இருக்கும் இந்தியப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டுப் பச்சோந்தி இனங்கள் ஏறக்குறைய எல்லாமே சைட்டிஸ் என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. 2022ல் திருத்தப்பட்ட நம் சட்டப்படி, அத்தகைய உயிரினத்தை வைத்திருப்பவர் அரசிடம் பதிவுசெய்ய வேண்டும்.

பச்சோந்திக்கு விஷம் கிடையாது. அதைக் கண்டால் கல்லெறியும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். தோட்டத்தில் விரல் நீளக் குஞ்சு ஒன்று தென்பட்டால் வீட்டுக்குள் எடுத்துவராதீர்கள். அதற்குத் தாய் தேவையில்லை, செடியும் பூச்சியும் வெயிலும் போதும். காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் கொடுங்கள். தார்ச்சாலையை ஆடி ஆடிக் கடந்துகொண்டிருக்கும் பச்சோந்தியைப் பார்த்தால் வண்டியை ஓரம்கட்டி, ஒரு நீளக் குச்சியை அதன் முன்னால் நீட்டுங்கள். அது ஏறிக்கொள்ளும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் இறக்கிவிடுங்கள்.